கழற்றி வைத்த காது

“இந்த மெஷினை மாட்டுனா உன் குரல் மட்டுந்தான் கேக்குது இம்மா, உலகத்துல வேற ஒரு சத்தமும் கேக்கல” என்று சொன்னாரே, அதைக்கூட மன்னித்துவிடலாம், சொல்லிவிட்டு அந்தக் காது மெஷினைக் கழற்றி ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் வைத்தாரே, பல்லில் சிக்கிய கருவேப்பிலையை எடுத்துத் தட்டோரம் வைக்கிற மாதிரி, அதைத்தான் இம்மாகுலேட்டால் தாங்கமுடியவில்லை. கட்டின பெண்டாட்டியின் குரலைக் கழற்றி வைக்கிற வசதி இந்தத் திண்டுக்கல்லில் வேறு எந்தப் புருஷனுக்கு வாய்த்திருக்கிறது? சேசுராஜ் கை கழுவ சமையலறைக்குள் போன நேரத்தில் அவள் அந்த மெஷினை ஜாடி மூடியிலிருந்து எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். தேடட்டும். கேக்காத மனுசனுக்கு எதுக்கு மெஷின். துண்டை உருவித் தோளில் போட்டாள், குளியலறைக்குள் போனாள், அவருக்குக் கேட்காவிட்டாலும் தரை அதிர்ந்தாவது தெரியட்டும் என்று கதவை ஓங்கி அறைந்தாள், அறைந்த வேகத்தில் கதவின் குமிழ் அவள் கையோடு வந்துவிட்டது. வெளிப்பக்கத்துக் குமிழ் வராந்தாத் தரையில் விழுந்து, உருண்டு, துவைக்கிற மெஷினுக்கு அடியில் எங்கேயோ போய் முட்டி நின்ற சத்தம் அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது. அவளுக்குத்தான் எல்லாம் கேட்குமே. ஒரு கையில் குமிழ், ஒரு கையில் காது, எதிரே கதவில் அவர் ஒட்டிவைத்த காகிதம்: ‘மெதுவாக மூடவும். இப்படிக்கு, நிர்வாகம்.’ ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தோரு வருஷம் நோட்டீஸ் எழுதிய கை, குண்டு குண்டாக, கீழே அடிக்கோடு வேறு. ஜூன் மாசம் இந்தக் குமிழ் முதல்முறை கழன்றபோது ஆசாரியைக் கூப்பிடுங்கள் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள், இதுக்குப் போய் ஆசாரியா என்று இவரே உட்கார்ந்து அவளுடைய தையல் மெஷினிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றி இதில் போட்டார், அன்றிலிருந்து தையல் மெஷினும் ஓடவில்லை, இதுவும் நிற்கவில்லை. நிர்வாகமாம். நிர்வாகம் செவிடு.

“என்னங்க!” என்று ஒரு குரல் கொடுத்தாள், கொடுத்த பிறகுதான் மண்டைக்குள் ஒன்று ஓடியது, அந்த மனுசனின் காது இங்கே அவள் கையில் இருக்கிறது. பூட்டிக்கொண்டதும் நான், சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்ததும் நான். பக்கத்து வீட்டில் ஈ காக்கை இல்லை, மொத்தக் குடும்பமும் வத்தலகுண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டது, நேற்றே சாவியைக் கொடுத்து செடிக்குத் தண்ணி ஊத்துங்கக்கா என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். செல்போன் சாப்பாட்டு மேசைமேல் சார்ஜில் கிடக்கிறது. அப்போது சமையலறையிலிருந்து முதல் விசில் வந்தது, புஸ்ஸென்று இழுத்து, குக்கருக்குக்கூட ஞாயிற்றுக்கிழமை சோம்பல். குக்கர்! அதில் முக்கால் கிலோ மட்டன் ஏறியிருக்கிறது, காலைப் பூசை முடிந்து வந்ததும் வராததுமாக அவளே கழுவி மஞ்சள் போட்டு ஏற்றியது, ஆறு விசில் விடவேண்டும், அதற்கு மேலே போனால் தண்ணீர் வற்றி அடி பிடிக்கும், அதற்கும் மேலே போனால் என்ன ஆகும் என்று நினைக்க அவளுக்கு இஷ்டமில்லை, மதுரை ரோட்டில் ஒரு வீட்டில் குக்கர் மூடி பறந்து சீலிங்கில் பதிந்து நின்றதாகச் சொன்னார்களே, அந்த வீட்டு அம்மாவும் இப்படித்தான் எங்கேயோ போயிருப்பாள். குக்கரைப் பாத்துக்குங்க என்றால் நான் பாத்துக்கறேன் நீ போ என்பார், தினமும் அதே பதில், வாங்கி வைத்த வரம் மாதிரி. பாத்துக்கறேனாம். விசில் கேட்காத மனுசன் எதைப் பாத்துக்கொள்வது? டாக்டர் அன்றைக்குப் படம் போட்டுக் காட்டினாரே, கோடு ஒரு இடத்தில் நேராக வந்து பிறகு கிணற்றுக்குள் குதிக்கிற மாதிரி இறங்கியது, கீச்சென்ற சத்தம் எல்லாம் அந்தக் கிணற்றுக்குள்தான் இருக்கிறது, விசில், காலிங்பெல், அணில், நான். எட்டு மாசமாக அவள் சமைக்கும்போதெல்லாம் அடுப்புக்கு எதிரே வந்து நின்றுகொண்டு கையைக் கட்டிக்கொண்டு, நகருங்க வேலையைப் பாக்கவிடுங்க என்றாலும் நகரமாட்டார், ரிட்டயர் ஆன ஆம்பளைக்கு வேறு போக்கிடம் இல்லை என்று அவளும் தலையெழுத்தாக விட்டிருந்தாள்.

ரெண்டாவது விசில்.

ஷெரின் காலையில் பேசும்போது மட்டும் அவர் இதை மாட்டியிருந்தால் இத்தனையும் இல்லை. ஓசூரிலிருந்து பெண் போன் பண்ணி, ரெண்டு நாளா காய்ச்சல்பா, படுத்தே கிடக்கேன் என்கிறாள், இவர் மெஷினைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக “ரொம்ப சந்தோஷம்மா, அப்படியே இரு” என்கிறார். அந்தப் பிள்ளை சிரித்திருக்கும், சிரித்துவிட்டு அழுதிருக்கும். இம்மாகுலேட் போனைப் பிடுங்கி, கஞ்சி குடிச்சியா, மாத்திரை போட்டியா, கூட இருக்கற பொண்ணு எங்க போனா என்று பத்து நிமிஷம் விசாரித்துவிட்டு வைத்தாள், அங்கே ஆரம்பித்தது. இந்த மெஷினைப் போட்டுப் பழகவைக்க அந்தப் பெண் லீவு போட்டுவிட்டு வந்து ஒரு வாரம் அப்பா எதிரே உட்கார்ந்து, இப்ப கேக்குதாப்பா, இப்ப, என்று எல்கேஜிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொல்லிக்கொடுத்தாளே. அவள் போனதும் அது எங்கெங்கே கிடந்தது! கண்ணாடிக் கூட்டில், ஜெபமாலை டப்பியில், ஒருமுறை பால் பாத்திரம் மூடின தட்டுமேல். ஒருமுறை சட்டையோடு இஸ்திரிக்குப் போய், வண்டிக்காரர் வாசலில் நின்று தெருவே கேட்க, “அக்கா, அண்ணன் காதைப் பையிலயே விட்டுட்டாரு, நல்லவேளை பெட்டி வைக்கல” என்று கொண்டுவந்து கொடுத்தார். தெருவில் அன்றிலிருந்து இந்த வீட்டுக்குக் காதுக்காரர் வீடு என்றே பெயர்.

“என்னங்கோ! கதவு மாட்டிக்கிச்சு! அடுப்பை அணைங்க!” கதவை உள்ளங்கையால் அறைந்தாள், குமிழால் அறைந்தாள், பிளாஸ்டிக் கதவு டொப்பு டொப்பென்று காலி டின் மாதிரிச் சத்தம் போட்டதே தவிர அசையவில்லை. குரலில் குறை ஒன்றும் இல்லை. இந்தக் குரலுக்குக் கான்வென்டில் கோப்பை கொடுத்திருக்கிறார்கள். சிஸ்டர் யூஜின் நீளமான வராந்தாவின் அந்தக் கோடியில் போய் நின்றுகொள்வார்கள், கையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை, இந்தக் கோடியில் பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்த பிள்ளைகள், ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமாக வந்து சேர்ந்தால் கைக்குட்டை மேலே போகும், சேராவிட்டால் அப்படியே கீழே தொங்கும். மற்றப் பிள்ளைகளுக்கு ஏழு எட்டு வார்த்தைக்கு ஒருமுறை எழும்பும். இம்மாகுலேட் பேசினால் கைக்குட்டை இறங்கவே நேரமில்லை. கத்தக்கூடாது, கத்துறது சந்தைக்கு, நீ குரலை எடுத்துப் போய் அவங்க மடியில வைக்கணும் என்பார்கள் சிஸ்டர். அந்தக் குரலை வைத்து டீச்சர் ஆவாள், ரேடியோவில் செய்தி வாசிப்பாள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், கடைசியில் மில் சூப்பர்வைசருக்குக் கட்டிக்கொடுத்தார், பதினெட்டாயிரம் நூற்புக் கதிர் ஓடுகிற இடத்தில் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தும் அதே சத்தத்தில் பேசுகிற மனுசன். தியேட்டரில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு முறுக்கு வேணுமா என்று கேட்டால் பால்கனியில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். மெதுவா பேசுங்க, மெதுவா பேசுங்க என்று அவள் அவர் தொடையைக் கிள்ளிய காலம் ஒன்று இருந்தது. அப்புறம் எப்போது அவள் சத்தத்தைக் கூட்ட ஆரம்பித்தாள், அவர் காது முதலில் மந்தமானதா, இவள் குரல் முதலில் உயர்ந்ததா, இருபத்தேழு வருஷத்தில் எந்த நாள் அது, யார் முதலில், ஒருவேளை இந்தக் குரல்தான் அந்தக் காதை, சே, என்ன நினைப்பு இது, மில்லுதான், டாக்டரே சொன்னாரே மில்லுதான் என்று. ஆனால் டாக்டர் அதைச் சொல்லும்போது அவளை ஒருதரம் பார்த்தார். பார்த்தாரா? அவள்தான் அப்போது புருஷனுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

மூணாவது.

துண்டு. துண்டைக் கதவுக்கு அடியில் விட்டால்? முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் மெல்ல உட்கார்ந்து, துண்டின் முனையைக் கதவிடுக்கில் தள்ளித் தள்ளி வெளியே அனுப்பினாள், ஒரு முழம் போயிருக்கும், சிவப்புத் துண்டு, கண் நல்லாத்தானே இருக்கு அந்த மனுசனுக்கு. காத்திருந்தாள். வந்தார். கதவிடுக்கில் வெளிச்சம் மறைந்தது, ரெண்டு காலின் நிழல். இந்தக் காலை எத்தனை தடவை மிதியடியில் துடைச்சிட்டு வாங்க என்று திட்டியிருக்கிறாள், இன்றைக்கு அதன் நிழலைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. “என்னங்க, இங்க, இங்க!” கால் நின்றது. யோசித்தது. பிறகு பெருவிரலால் துண்டை ஒரு நெட்டு, இன்னொரு நெட்டு, மொத்தத் துண்டையும் பொறுப்பாக உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பிப் போனது. தண்ணீர் வராந்தாவுக்கு வராமல் இருக்க அவள் துண்டு போட்டிருக்கிறாள் என்று நினைத்து, அதைச் சரிசெய்துவிட்டு, உதவி பண்ணிவிட்டுப் போகிறார். அவளுக்கு அழுகை வரும்போலிருந்தது, வந்தது சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், யாருக்குக் கேட்கப்போகிறது என்று தோன்றியதும் கையை எடுத்தாள், சிரிப்பும் நின்றது. யாருக்குக் கேட்கப்போகிறது. வீடு ரொம்பப் பெரிசாக இருக்கிற மாதிரி இருந்தது. போன மாசம் சமையலறையில் எண்ணெய் வழுக்கி அவள் விழுந்தாளே, அப்போதும் இப்படித்தான், அவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே கிடந்தாள், பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டது அவளுக்கு. எழுந்து வந்து அதற்கும் சேர்த்துத் திட்டினாள், ஆனால் கிடந்தபோது பயமாக இருந்ததை மட்டும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் அவர் சொல்லுவார், மில்லில் சத்தத்துக்கு யாரும் பயப்படமாட்டோம் இம்மா, திடீர்னு கரண்ட் போயி அத்தனை மெஷினும் நின்னுச்சுன்னாதான் நெஞ்சு திக்குன்னு அடிக்கும், ஆளாளுக்கு வெளிய ஓடி வந்து நிப்போம் என்று. அப்போது புரியாமல் சிரித்தாள். பெண் ஓசூருக்குப் போனபிறகு, இவரும் இதைக் கழற்றி ஜாடிமேல் வைத்தபிறகு, தினமும் மத்தியானம் ரெண்டு மணிக்கு இந்த வீட்டில் கரண்ட் போகிறது. அதனால்தான் பேசுகிறாள். கொத்தமல்லிக் கட்டைப் பற்றி, மின்வெட்டைப் பற்றி, கோயிலில் எவளோ கட்டிவந்த புடவையைப் பற்றி, நிறுத்தாமல். உன் குரல் மட்டுந்தான் கேக்குதாமே!

கையைத் திறந்து பார்த்தாள். தோல் நிறத்தில், முந்திரிக்கொட்டை அளவு, அதிலிருந்து ஒரு சின்னக் குழாய், நுனியில் அவர் காதுக்கென்று அச்சு எடுத்த மெழுகு மாதிரி ஒன்று. அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஏதோ அவரில் ஒரு துண்டு. உன் குரல் மட்டுந்தான் என்றால் என்ன, பார்த்துவிடுவோம். அவளுடைய காதுக்கு அது பெரிசு, விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளவேண்டியிருந்தது, முதலில் கீ என்று ஒரு சத்தம் மூளைவரை போனது, பிறகு திறந்துகொண்டது. “என்னங்க” என்றாள். யாரோ எவர்சில்வர் தாம்பாளத்தைக் கிணற்று மேடையில் போட்டமாதிரி இருந்தது. அவளே திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தாள், வாளி இடித்தது, வாளி இடிக்கிற சத்தம்கூட அதற்குப் பின்னால்தான், எங்கேயோ, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தது. இன்னொருதரம், கொஞ்சம் இறக்கி, “சேசு.” கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வாய்விட்டுப் பேர் சொன்னது கிடையாது, மாமியார் படம் முன்னறையில்தான் இருக்கிறது, ஆனாலும் கூசியது. அதுவும் தாம்பாளம்தான், சின்னத் தாம்பாளம். இதையா அவர் மாட்டிக்கொண்ட நேரமெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்? கைக்குட்டையைத் தூக்கிக்கொண்டே நின்ற சிஸ்டருக்கு வராந்தாவின் நீளம் இருந்தது, நடுவில் ஐம்பதடிக் காற்று இருந்தது. இவருக்கு மேசையின் அகலம்.

வாயை மூடினாள். மூடியதும்தான் மற்றதெல்லாம் வந்தது. குழாய் சொட்டுவது, ஒவ்வொரு சொட்டும் ஒரு கூழாங்கல். அவளுடைய மூச்சே ஒரு பெரிய ஆளின் மூச்சு. எங்கேயோ சிமெண்ட் ஓட்டில் காக்கா நடக்கிறது. பிறகு விசில், ஐயோ அம்மா, காதைப் பிளந்துகொண்டு, அது தேய்ந்து முடிந்த கையோடு, சமையலறையிலிருந்து, தனக்குள் முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே சொல்கிற அந்தக் குரல்: “நாலு.”

நாலா? இவள் கணக்கிலும் நாலு. மெஷின் இங்கே இருக்கிறது, அவருக்கு விசில் கேட்க வழியே இல்லை, பிறகு எப்படி நாலு? அடுத்த விசிலுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். “அஞ்சு,” என்றது குரல், விசில் தொடங்கும்போதே, கொஞ்சம் முந்தியேகூட. பார்க்கிறார். குக்கர் குண்டு துள்ளுவதைக் கண்ணால் பார்த்து எண்ணுகிறார். பாத்துக்கறேன் என்றால் அவர் நிஜமாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், எட்டு மாசமும், கையைக் கட்டிக்கொண்டு, நகருங்க நகருங்க என்று அவள் இடித்துக்கொண்டு போனபோதெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி, கண்ணை மட்டும் எடுக்காமல். கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தாள், யோசித்தவரைக்கும் அது நன்றாக இல்லை. “ஆறு. முடிஞ்சது.” அடுப்புத் திருகின் டக்.

மட்டன் தப்பித்தது. இனி இவள். அவர் கைகழுவுகிறார், தட்டுகளை எடுக்கிறார், மேசைக்கு வருகிறார், பிறகு நாற்காலி வேகமாக நகர்கிற சத்தம். “இங்கதானே வச்சேன்.” ஜாடி. தட்டு. பேப்பரை உதறுகிறார். “ஜாடி மேல வச்சேனா இல்லியா?” குப்பைக்கூடையின் மூடி திறக்கிறது, ஏதோ கிளறுகிறார், கடவுளே, தோசைத் தட்டைக் கொட்டின கூடையில். பிறகு ஜாடி மூடியின் திருகு, கரண்டி உள்ளே போகிற சத்தம், கிளக் கிளக்கென்று ஆழமாக, போன வாரம் அவள் போட்ட மாவடு, ஈரக் கரண்டி பட்டால் பூஞ்சை பூக்கும் என்று அவரைக் கிட்டவே நெருங்கவிடாத மாவடு, அதை அடிவரைக்கும் துழாவிக்கொண்டிருக்கிறார். அவளுக்குக் கை பரபரத்தது. “குளிச்சிட்டு வர்றதுக்குள்ள கண்டுபிடிக்கணுமே,” என்றது குரல், “அவ வந்தா என்னையத் தோலை உரிச்சுருவாளே.” அதனால்தான். அதனால்தான் இந்தப் பக்கமே வராமல் தேடுகிறார், ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு தட்டு தட்டிக் கேட்கவில்லை. அவள் இன்னும் ஒரு மணிநேரம் உள்ளேயே இருந்தால் அவருக்குச் சந்தோஷம். நான் உள்ளே கிடந்து சாகிறேன், வெளியே இந்த மனுசன் நான் வெளியே வந்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்!

வேண்டிக்கொண்டுதான் இருந்தார். கரண்டி நின்றுவிட்டது. முன்னறையில், மாமியார் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற புனித அந்தோணியாருக்கு எதிரே போய் நின்றிருக்கவேண்டும், காணாமல்போனது எதுவாக இருந்தாலும் இந்த வீட்டில் அவரிடம்தான் போவார்கள், ஸ்கூட்டர் சாவி, ஷெரினின் ஹால் டிக்கெட், ரேஷன் கார்டு. கையில் ஊறுகாய்க் கரண்டியோடு நிற்கிறாரோ என்னவோ, தரையெல்லாம் மிளகாய்ச்சாறு சொட்டுமே என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே காதில் விரலை இன்னும் அழுத்தினாள். “அந்தோணியாரே,” என்றார், மில் ஃபோர்மேனிடம் பேசுகிற மாதிரி, “காதைக் காணோம். நீர்தான் எடுத்துக் குடுக்கணும். பிள்ளை ஆசையா மாட்டிவிட்டது. நான் இவகிட்ட சும்மா கோவத்துல சொல்லிட்டேன், வேற ஒண்ணும் கேக்கலன்னு. அது வேற ஒண்ணும் கேக்க வேணாம்யா எனக்கு. இது இல்லாம அவ வாய் அசையறத பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா, கரண்ட் போன மில்லு மாதிரி இருக்கு.” மூக்கை உறிஞ்சினார், மிளகாய்தான், மிளகாயாகத்தான் இருக்கவேண்டும். “கிடைச்சுதுன்னா ரெண்டு மெழுகுவத்தி ஏத்தறேன். கொஞ்சம் சத்தத்தை மட்டும் அவள கம்மி பண்ணச் சொல்லும். இல்லாட்டியும் பரவால்ல.”

தரை ஈரம் புடவையில் ஏறிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. சொல்றதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன, நடுவுல ஒரு புனிதர் என்னத்துக்கு என்று நாக்கு நுனிவரை வந்தது, வழக்கமான குரலில், தாம்பாளத்தோடு. அதை விழுங்கினாள். காலடி வராந்தாவுக்கு வருகிறது, துவைக்கிற மெஷின் பக்கம், அழுக்குத் துணியை ஒவ்வொன்றாக எடுத்து உதறுகிறார், சட்டைப்பைகளைத் தடவுகிறார், நடுவில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் கதவு, அதில் நிர்வாகத்தின் நோட்டீஸ். இம்மாகுலேட் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு, மெழுகை அழுத்தின விரலை எடுக்காமல், சிஸ்டர் யூஜின் சொன்னதுபோலக் குரலை எடுத்து ஒரு மடியில் வைக்கிற மாதிரி, வராந்தாவில் காது நல்லா இருக்கிற எவன் நின்றிருந்தாலும்கூடக் கேட்டிருக்கமுடியாத அளவுக்கு மெதுவாகச் சொன்னாள்:

“என்னங்க… உங்க காது எங்கிட்டதான் இருக்கு. கதவை மட்டும் கொஞ்சம் திறந்து விடுங்க.”